ஆவுடைத்தாயின் களாவேலி

ஊத்தாங்குளத்தில் ஆவுடைத்தாயின் வீட்டைச் சுற்றியிருந்த களாவேலி மனிதர்களின் வலியை வாங்கிக்கொண்டு காய்க்கத் தொடங்கியது ஒரு வைகாசி மாதத்தில், அந்த ஊருக்குத் தார்ச்சாலை வந்து, சாலைக்குப் பின்னாலேயே டீக்கடை வந்து, டீக்கடைக்குப் பின்னாலேயே வேலைவெட்டி இல்லாத பேச்சும் வந்து சேர்ந்த காலத்தில். அதற்கு முன் அது ஒரு வேலி, அவ்வளவுதான். மாசியில் மல்லிகைக்குத் தங்கச்சி மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், ஆனியில் காய்க்கும், ஆடியில் பழுத்துக் கறுக்கும். பச்சைக் காயை இரண்டாக வகிர்ந்து விதையெடுத்து, பால் போக உப்புத் தண்ணீரில் அலசி, பச்சை மிளகாயும் கடுகும் சேர்த்து ஊறப்போட்டால் பழைய சோறு எத்தனை சட்டி என்றாலும் உள்ளே இறங்கும். மீன் குழம்பு கொதிக்கும்போது புளி தீர்ந்துபோனால் நாலு காயைத் தட்டிப் போட்டுச் சமாளிப்பார்கள். பித்தம் ஏறித் தலை சுற்றினால் பழச்சாறு, காய்ச்சலுக்கு இலைக் கஷாயம், சொறிக்கு வேரை இழைத்துப் பூச்சு. பிள்ளைகளுக்கு இதெல்லாம் கணக்கில்லை, பழத்தைத் தின்றுவிட்டு ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டுவதுதான் அவர்களுக்குக் களாச்செடி.

ஆவுடைத்தாய் அந்த வேலியை வைத்தது புருஷன் செத்த மறுவருஷம். மலையடிவாரத்திலிருந்து கன்றுகளைச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்து, ஆடும் உள்ளே வரக்கூடாது, வேண்டாத ஆம்பளையும் உள்ளே வரக்கூடாது என்று நெருக்கி நட்டாள். அரிசி களைந்த தண்ணீரை அவளும் அவள் மகள் உலகம்மையும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த செடி அவர்கள் இரண்டு பேரை மட்டும் குத்தாது. கையை உள்ளே விட்டால் முட்கள் சற்று ஒதுங்கி வழிவிடும். ஊர் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்த்தவளைக் கடிக்காத நாய் இருக்கிறது, முட்டாத மாடு இருக்கிறது, குத்தாத முள் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காய்களை ஊறுகாய் போட்டுத் தென்காசிக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவள் மகளை வளர்த்தாள்.

முதல் வலி செண்பகவடிவின் வலி. அவள் ஆவுடைத்தாயின் நாத்தனார், செத்துப்போன புருஷனின் தங்கை, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே பையன் செல்லையா குளத்தில் முங்கிச் செத்த நாளிலிருந்து அவளுக்கு வாய் மூடவில்லை. தினமும் விடிந்ததும் அண்ணன் வீட்டு வேலிக்கு வந்து, முள்ளென்றும் பார்க்காமல் இரண்டு கையாலும் செடியைப் பிடித்துக்கொண்டு, மகன் பேரைச் சொல்லி அழுவாள். ஆவுடைத்தாயும் தினமும் அவள் கையைப் பிரித்தெடுத்து, மஞ்சள் தடவி, ஒரு வாய் கஞ்சி ஊட்டி அனுப்புவாள். அந்த வைகாசியில் ஒருநாள் முள் ஆழமாகக் குத்தியது. மறுநாள் காலையில் அந்த இடத்தில், பருவத்துக்கு முந்தி, ஒரே ஒரு காய் காய்த்திருந்தது. செண்பகவடிவு அன்றைக்கு அழ வரவில்லை. வீடு பெருக்கி, வாசல் தெளித்து, புருஷனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சிரித்த முகத்தோடு வந்து, "மயினி, காப்பித்தூள் இருக்கா?" என்று கேட்டாள்.

ஆவுடைத்தாய் காயையும் பார்த்தாள், நாத்தனாரின் முகத்தையும் பார்த்தாள், காப்பித்தூளை எடுத்துக் கொடுத்தாள்.

ஊருக்கு விஷயம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. டீக்கடை பலவேசம், கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அவர்தான் தலைவர், எட்டு ஊருக்குக் கேட்கும் குரல், முழங்கால் வலியோடு வந்து கையை நீட்டிக் குத்திக்கொண்டார். மறுநாள் மிதிவண்டி ஓட்டினார். அவருடைய காய் பழுத்து மண்ணில் விழுந்த மறுநிமிஷம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காய் விழுந்தால் வலி திரும்பும் என்று ஊர் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். இரண்டாம் முறை அவர் குத்திக்கொண்டபோது அந்தக் காயை ஓர் ஆடு தின்றுவிட்டது. ஆடு நொண்டியது, பலவேசம் நடந்தார். சரி, ஒழிந்தது என்று அவர் ஆட்டுக்காரனுக்கு ஒரு டீயும் வடையும் இனாமாகக் கொடுத்தார். ஆனால் அதே ஆடு வேலியில் உரசி முள் குத்தி, யாரும் கவனிக்காத ஒரு தாழ்ந்த கிளையில் ஒரு காய் காய்த்து, அது பழுத்து விழுந்ததும், ஆடு துள்ளிக்கொண்டு ஓடியது, பலவேசம் மறுபடி உட்கார்ந்தார். ஆக, வலி எத்தனை உடம்பு மாறினாலும், காய் மண்ணைத் தொட்டால் தான் பிறந்த உடம்பைத் தேடி வந்துவிடும். இதையும் ஊர் கற்றுக்கொண்டது. பிறகு அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டது.

விழாமலிருக்க வழி சொன்னவள் ஆவுடைத்தாய். பழுக்குமுன் பறித்து உப்பில் போட்டால் வலி உப்போடு கட்டுண்டு கிடக்கும். அப்படி அவள் முதலில் போட்டது செண்பகவடிவின் காயைத்தான். தினம் காலையில் சாடியைக் குலுக்கிவிட வேண்டும், அதுவும் உப்புப் போட்ட கையோ, அதன் சொந்த ரத்தமோதான் குலுக்க வேண்டும். ஊறுகாய்ச் சாடியில் பல கை பட்டால் கெட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. ஒருத்தி போட்ட சாடியை இன்னொருத்தி திறக்கமாட்டாள், போட்டவளும் நன்றாக ஊறி முடிகிற வரை மூடியை அவிழ்க்கமாட்டாள். அதனால் ஊரின் வலி முழுவதும் அவள் ஒருத்தி கைக்கு வந்து சேர்ந்தது. காசு வேண்டாம், அவரவர் உப்பைக் கொண்டுவந்தால் போதும் என்றாள். வலியைப் போட்ட சாடிகளைப் பின்கட்டு அறையில் தனியாக அடுக்கி, உலகம்மையைக்கூட உள்ளே விடாமல் பூட்டினாள். அவை சும்மா இருக்கவில்லை, பசித்த பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனகும். அவள் குலுக்கும்போது, "ஆச்சு, ஆச்சு" என்று சமாதானம் சொல்வாள்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். இந்தக் காயை எந்த வாய்க்கும் கொடுக்கக் கூடாது. ஊரார் எல்லோரும் இசக்கியம்மன் கோயிலில் கூடி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் கையை வைத்தவள் செண்பகவடிவு.

பிறகு ஊர் அந்த அதிசயத்தை வீட்டுச் சாமானாக்கிக்கொண்டது. வெளியூரான் எவனும் கையை நீட்டிவிடக் கூடாதென்று கோயில் கமிட்டி ஆள் போட்டது. மேலத்தெருக்காரர்கள் வாசல் பக்கத்து வேலி தங்களுக்குத்தான் என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் அங்கேதான் வெயில் நன்றாக விழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். முள்ளுக்குத் தெரு தெரியாது என்று ஆவுடைத்தாய் சத்தம் போட்டபின் அடங்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா யாருமே வரவில்லையே என்று விசாரித்துக்கொண்டு வந்தாள், ஒற்றைத் தலைவலியை வேலியில் விட்டுவிட்டுப் போனாள். உடம்பு வலி தீர்ந்ததும் மனவலியைக் கொண்டுவந்தார்கள். மனவலி தீர்ந்ததும் மனச்சாட்சி உறுத்தலைக் கொண்டுவந்தார்கள், அந்தக் காய்கள்தான் இருப்பதிலேயே சிறியவை. இழவு வீட்டில் அழ ஆளில்லாமல் ஒப்பாரிக்காரிகளுக்கே அழுகை வராமல் போயிற்று. எல்லோருக்கும் கன்னம் பளபளத்தது. எல்லோரும் கொஞ்சம் பெருத்தார்கள்.

ஆவுடைத்தாய்க்கு மட்டும் முள் வழிவிட்டது, அதனால் அவளுடைய மூட்டு வலி அவளோடேயே இருந்தது. தென்காசிக் கடைக்காரர்கள் அந்த வீட்டு ஊறுகாய் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஊத்தாங்குளத்திலும் அவள் ஊறுகாயைத் தொட ஆளில்லை. கூசாமல் வலியைக் கொடுத்தவர்களுக்கு அவள் கையால் ஒரு துண்டு காய் வாங்கித் தின்னக் கூச்சமாக இருந்தது. அவள் பீடி சுற்றினாள். ஊர் நன்றாக இருக்கட்டும் என்றாள், அதை மனசாரவே சொன்னாள், அதுதான் இதைச் சொல்கிற எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உலகம்மைக்குப் பாறையடி என்கிற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது, சுந்தரவேல் என்று பெயர், லாரி ஓட்டுகிறவன், நல்ல பையன். சீர் செய்ய ஆவுடைத்தாயிடம் ஒன்றும் இல்லை. அப்போது ஊரே வந்து நின்றது.

"நீ பிள்ளைய ஜோடிச்சு உக்கார வையி தாயி. சீர நாங்க பாத்துக்கிடுதோம். ஊருக்கே மருந்து குடுத்தவ மவ வெறுங்கையோட போவாளா?" என்றார் பலவேசம்.

செண்பகவடிவு அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "அத்தைக்காரி நான் இருக்கேம்லா மயினி. சாவியக் குடுங்க, பாத்திர பண்டம், பலகாரம், ஊறுகா எல்லாம் நானே எடுத்து வைக்கேன். நீங்க ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்."

ஆவுடைத்தாய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அப்படியே அவிழ்த்துக் கொடுத்தாள். புருஷன் செத்தபோது அழாதவள் அன்றைக்கு அழுதாள், ஊர் முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று நினைத்து, சந்தோஷத்தில். சீர் வண்டி புறப்பட்டபோது பித்தளையும் எவர்சில்வரும் மினுங்க, அதிரசக் கூடையும் முறுக்குக் கூடையும் வரிசையாக இருக்க, நடுவில் வைக்கோல் சுற்றிய ஊறுகாய்ச் சாடிகள் இருந்தன. மேளச் சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் காதில் விழவில்லை. பெண்ணுடைய தாய் கைப்பட்ட ஊறுகாய் சீரில் போவதும், அதை மாப்பிள்ளை வீட்டார் சொந்தபந்தத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைப்பதும் அங்கே வழக்கம்தான். தன் கடைசிச் சரக்கை நாத்தனார் ஞாபகமாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று அவள் நெஞ்சு குளிர்ந்தாள்.

மறுநாள் காலை பின்கட்டு அறையில் சாடிகளைக் குலுக்கியபோது முனகல் இல்லை. வலியெல்லாம் உப்பில் நன்றாக ஊறி அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். கட்டுப்பாட்டுக்காரி அல்லவா, மூடியைத் திறந்து பார்க்கவில்லை. ஆவணி போய், ஐப்பசி போய், தை வந்தது வரை அந்தச் சாடிகளைக் குலுக்கி, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையில் சுந்தரவேல் வந்தான். வேலிக்கு வெளியிலேயே நின்றான், முகம் சுண்டியிருந்தது.

"அத்தை, ஒடனே பொறப்படுங்க. உலகு முழுகாம இருக்கால்லா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம நோவா வருது. பல்லு நோவுன்னு டாக்டர்ட்ட போனா பல்லு நல்லாருக்குங்காவ. முட்டி நோவுங்கா, படமெடுத்தா ஒண்ணுமில்ல. மூச்சிரைக்கி. இப்பம் ஒரு வாரமா ஒரே அழுகை. என்னன்னு கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியல."

பாறையடியில் உலகம்மை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு மட்டும்தான் அவளிடம் வளர்ந்திருந்தது, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. ஜன்னலில் ஒரு சாடி, அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரோடு. ஆவுடைத்தாய்க்கு அந்தச் சாடியின் விளிம்பில் இருந்த விள்ளல் தெரியும். பின்கட்டு அறைச் சாடியில் அவளே ஒருநாள் கைதவறி இடித்த விள்ளல், மூடி போட்டிருந்தால் வெளியே தெரியாது.

"நீ அனுப்புன களாக்காய்தாம்மா," என்றாள் உலகம்மை. "மசக்கையில வாய்க்கு வேற எதுவும் ஒப்பல. மாமியா பங்கு வைக்கணும்னு கேட்டாவ, நாந்தான் மாட்டேன்னுட்டேன். எங்கம்மா கையால போட்டது, யாருக்கும் தரமாட்டேன்னு ஒளிச்சு வச்சு ஒளிச்சு வச்சுத் தின்னேன். சாடி மொனங்குனா காடி ஏறுதுன்னு நெனச்சு, ஒன்ன மாதிரியே தெனமும் குலுக்கி வச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாச் சாடியும் தீந்துட்டும்மா. தின்னத் தின்ன ஊரு ஞாபகமா வந்துது. பல்லு வலிச்சா மேலத்தெரு மாணிக்கத் தாத்தா மொகம் தெரியுது. முட்டி வலிச்சா பலவேசம் மாமா சத்தம் கேக்கு. நம்மூரு ஆளுவ பூராம் எங்கூட இருக்க மாதிரி இருக்கும், நானும் ஆசையாத் தின்னேன்." அவள் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. "கடேசியா ஒண்ணு தின்னேன், பெருசா, கறுப்பா. அதுலேருந்து எம்புள்ள செத்துப்போன மாதிரியே இருக்கும்மா. உள்ள ஒதைக்கான், உசிரோடதான் இருக்கான், எனக்குத் தெரியுது. ஆனா அவன் தண்ணில கெடக்க மாதிரியே இருக்கு. செல்லையா செல்லையான்னு வாயில வருது."

ஆவுடைத்தாய் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஆத்திரம் வரவில்லை, அது பிறகு வந்தது. முதலில் வந்தது வெட்கம். சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாளே, அதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

சுந்தரவேல் ஒரு வேன் பிடித்தான். ஊத்தாங்குளம் டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் உலகம்மையைப் பார்த்துவிட்டு, ஒருவன் மாற்றி ஒருவன் தம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். யாரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே ஆவுடைத்தாய்க்கு ஊர் முழுக்கத் தெரிந்துதான் நடந்தது என்று விளங்கிவிட்டது. வீட்டுக்குள் போய் மூடியிருந்த சாடிகளைத் திறந்து கவிழ்த்தாள். மலையடிவாரத்தில் காசுக்கு விற்கிற வெறும் களாக்காய் உருண்டோடியது.

செண்பகவடிவைக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை, அவளே வந்து வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பின்னாலேயே ஊரும் வந்தது.

"ஏன் செம்பகம்?" என்றாள் ஆவுடைத்தாய்.

"மயினி, சீர் ஊறுகாய ஊரெல்லாம் பங்கு வைப்பாவல்லா. ஆளுக்கு ஒரு காய், ஒருநாள் வயித்து நோவுன்னு போயிடும்னு பலவேசம் அண்ணாச்சிதான் சொன்னாவ. இவ ஒருத்தியே முழுங்குவான்னு நான் கண்டனா?"

"சூடம் அடிச்சியே, ஏட்டி. மொதக் கை ஒன் கைலா."

பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் குரலில் குற்றம் இல்லை, வருத்தம்கூட இல்லை. அதெல்லாம் சிறு சிறு காயாக என்றைக்கோ வேலியில் விட்டுவிட்டார்.

"தாயி, நீ மனுஷிதான. நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மவளும் வேற ஊருக்குப் போயிட்டா, சாடிய யாரு குலுக்குவா? அத்தன வலியும் ஒரே நாள்ல ஊருக்குள்ள வந்து எறங்கும். வாயில போனாத்தான் எங்களுக்கு விடுதலை. அதுவும் இந்த முள்ளு குத்தாத வாயாப் பாத்துப் போவணும். இல்லன்னா அந்த ஆட்டுக் கதைதான். யோசிச்சுப் பாத்தா சீர விட்டா வேற வழி இல்ல."

அப்போதுதான் அவளுக்கு முழுக்கப் புரிந்தது. பங்கு வைப்பார்கள் என்பது செண்பகவடிவுக்குச் சொன்ன சமாதானம். முள் குத்தவே குத்தாத வாய் இந்த உலகத்தில் இரண்டுதான், ஒன்று அவள் வாய், இன்னொன்று அவள் மகள் வாய்.

அவள் உலகம்மையின் கையைப் பிடித்து வேலிக்குக் கூட்டிப் போனாள். கல்யாணம் ஆகி வேறு வீட்டுக்குப் போனவள், வேறு குலதெய்வம் கும்பிடுகிறவள், செடி அவளை வேற்றாளாக நினைத்துவிடாதா என்று ஒரு நம்பிக்கை. உலகம்மை கையை உள்ளே நீட்டினாள். முட்கள் ஒதுங்கின. இன்னும் உள்ளே நீட்டினாள். ஒவ்வொரு கிளையும், வெகுநாள் கழித்து வந்த வீட்டுப் பிள்ளைக்கு நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி, நகர்ந்து நகர்ந்து வழிவிட்டது. ஊரே கைவிட்ட பெண்ணை அந்தச் செடி மட்டும் கைவிடவில்லை. அதுதான் அன்றைக்குக் கொடுமையாகப் போயிற்று.

கூட்டத்தில் ஒருத்தி, "ஒரு வழி இருக்கு," என்றாள். எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, உடனே ஆளாளுக்குப் பேசினார்கள். மகளைத் தலைமுழுகிவிடு. செத்தவர்களுக்கு முழுகுகிற மாதிரி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி, இனி நீ என் மகளில்லை, நான் உன் தாயில்லை என்று சொல்லிவிடு; அவள் வேற்றாளாகிவிடுவாள், முள் குத்தும், காய் காய்க்கும், பறித்து உப்பில் போடு, பழையபடி எல்லாம் நடக்கும்.

"பேச்சுக்குத்தான மயினி," என்றாள் செண்பகவடிவு. "ஒரு வார்த்தைதான. அப்புறமும் அவ ஒம்மவதான்."

பேச்சுக்கு முழுகினால் முள்ளுக்குத் தெரியாதா? மனசாரச் சொன்னால்தான் செல்லும், மனசாரச் சொன்னால் பிறகு மகள் இல்லை. இது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

ஆவுடைத்தாய் கிணற்றில் ஒரு குடம் இறைத்தாள். கூட்டம் விலகி இடம் விட்டது, சில முகங்களில் நிம்மதிகூட வந்தது. அவள் குடத்தோடு மகளிடம் போகவில்லை. நேராக வேலிக்கு முன்னால் போய் நின்றாள். முதன்முதல் நட்ட தூரைப் பார்த்தபடி, முடியை அவிழ்த்துவிட்டு, குடத்தைத் தலையில் கவிழ்த்தாள்.

"புருஷன் போன வீட்டுல நீதான் எனக்குக் காவலா நின்ன," என்றாள். "எனக்கும் எம்மவளுக்கும் சோறு போட்ட. ஒரு நாளும் எங்களக் குத்தல. ஒங்கிட்ட எந்தக் குத்தமும் இல்ல. ஆனாலும் இன்னையோட நீ எனக்கு யாருமில்ல. நான் ஒனக்கு யாருமில்ல. எம்மவளும் ஒனக்கு யாருமில்ல. ஒன்னத் தலமுழுகிட்டேன்."

காற்று இல்லை, ஆனாலும் வேலி முழுவதும் ஒரு முறை சிலிர்த்தது. ஒடிக்காமலே கிளைகளின் கணுவிலெல்லாம் பால் வடிந்தது. பிறகு உலகம்மை கையை நீட்டினாள், முட்கள் நிமிர்ந்து நின்று குத்தின. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குத்தின. அவள் "அம்மா" என்று கத்தினாள், அது கூட்டத்துக்கு வலிக் கத்தலாகக் கேட்டிருக்கும். பாரம் இறங்கினவள் கத்தல் அது என்று பெற்றவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் உலகம்மை எழுந்து, பசிக்கிறது என்றாள். வெளியே வேலி முழுக்கக் காய். பல்வலிக் காயும் முட்டிவலிக் காயும் இரைப்புக் காயும் உறுத்தல் காயும் இலையே தெரியாமல் காய்த்து, வெயில் ஏற ஏறச் சிவந்து, அதற்குமேல் கறுக்கத் தொடங்கியிருந்தன. ஊர் உப்பும் கையுமாக ஓடி வந்தது. மூட்டை மூட்டையாக உப்பு. ஆவுடைத்தாய் படலைத் திறந்துவைத்துவிட்டு, மகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பறிச்சுப் போடு தாயி, ஒங்கால்ல விழுதோம்," என்றார் பலவேசம். காலில் விழ அவருக்குக் கூச்சமே இல்லை.

"பறிச்சுக்கிடுங்க. யாரு வேண்டாம்னா? எங்கை இனி எந்தச் சாடியையும் குலுக்காது."

பறித்தார்கள். கைக்கு எட்டியதையெல்லாம் பறித்து அவரவர் உப்பில் போட்டார்கள். ஊறுகாய்க்குப் பல கை ஆகாது என்று தெரிந்தும் ஒரே பானையில் ஆளாளுக்குக் கையை விட்டார்கள். உப்பு பிடிக்கவில்லை, காய்கள் பானைக்குள்ளேயே அழுகி, பானை விரிந்து, சாறு மண்ணுக்கு இறங்கியது. பறிக்காதவை பழுத்து விழுந்தன. தெருத் தெருவாக வலி தன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனது. பலவேசம் டீக்கடைப் படியேறும்போது முழங்காலைப் பிடித்தார், கூடவே வேறொன்றும் வந்து நெஞ்சில் ஏறியது. அன்று முழுவதும் கடை திறக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பழைய இழவுகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் ஊத்தாங்குளத்தில் அழுகைச் சத்தம் கேட்டது.

கடைசியாக ஒரு காய் மிச்சம் இருந்தது. பெரியது, கறுத்தது. அதற்குக் கீழே செண்பகவடிவு முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மண்ணில் விழாமல் ஏந்த, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நின்றாள்.

ஆவுடைத்தாய் போனாள். கையை உள்ளே விட்டாள். முதல் தடவையாக முள் அவளைக் குத்தியது, ஒன்றல்ல, வழி நெடுக. ரத்தத்தோடு அந்தக் காயைப் பறித்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது நோவு இல்லட்டி. இது செல்லையா. ஒன் புள்ளைய நீ எம்புள்ள வயித்துல கொண்டு போட்டுட்ட. இந்தா, நீயே வச்சுக்க."

செண்பகவடிவு காயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மகன் முகம் மறந்து நெடுநாளாயிற்று, மறந்ததுகூட உறைத்ததில்லை. பிறகு அதை வாயில் போட்டு மென்றாள். பால் உதட்டில் ஒட்டியது. மென்றுகொண்டே தரையில் உட்கார்ந்து, "செல்லையா, ஏ செல்லையா" என்று ஆரம்பித்தாள்.

முன்பெல்லாம் என்றால் ஆவுடைத்தாய் அவள் கையைப் பிடித்து, மஞ்சள் தடவி, ஒரு வாய் கஞ்சி ஊட்டியிருப்பாள். அன்றைக்கு அவள் படலைச் சாத்திக்கொண்டாள்.

உலகம்மைக்குப் பாறையடியில் ஆண் பிள்ளை பிறந்தது, நல்ல கனமான பிள்ளை. ஆவுடைத்தாய் அரிசி களைந்த தண்ணீரை இப்போதும் வேலிக்குத்தான் ஊற்றுகிறாள், வேறெங்கே ஊற்ற? அவள் கிட்டே போனால் முட்கள் நிமிர்ந்துகொள்ளும், தினமும் குத்தும். குத்திய ஒவ்வொரு மறுநாளும் காலையில் அவள் வந்து கிளை கிளையாக விலக்கிப் பார்க்கிறாள், தலைமுழுகினவளிடமும் வாங்கிக்கொண்டு, தன் நெஞ்சில் கிடக்கும் வலிக்கு ஒரு பிஞ்சாவது பிடித்திருக்கிறதா என்று. இன்றுவரை பிடிக்கவில்லை.